வாசல்லயே வெச்சிடுங்க

2020 கொரோனா ஊரடங்கில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் மாவட்ட எல்லையைத் தாண்டுவதற்கு அரசு ஒப்புக்கொண்ட காரணங்கள் சொற்பம். நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம், நெருங்கிய சொந்தத்தில் சாவு, அவசர மருத்துவம், வெளியூரில் மாட்டிக்கொண்டவர் ஊர் திரும்புவது. இ-பாஸ் விண்ணப்பத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பத்திரிகையையோ சான்றிதழையோ படமெடுத்து இணைக்க வேண்டும். ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, குனிந்து உள்ளே வருகிறவர்களுக்கெல்லாம் விண்ணப்பம் போட்டுக்கொடுத்தார். "காரணம் என்னங்க?" என்று அவர் கேட்டதும் முக்கால்வாசிப் பேர் விழித்தார்கள். அம்மாவைப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது என்பதெல்லாம் காரணமாகாது. தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்துவரப் போவது மருத்துவத்தில் சேருமா என்று ஒருவர் கேட்டார். "சாவுன்னு போட்டாத்தான் சீக்கிரம் வருது" என்றார் கடைக்காரர், யாரையும் பார்க்காமல், பொதுவாக.

நம் ஆட்கள் நல்லது கெட்டதுக்குத்தான் ஊர்விட்டு ஊர் போவார்கள் என்று எந்த அதிகாரி முடிவுசெய்தாரோ, அவர் தமிழ்க் குடும்பத்தை ஓரளவு அறிந்தவர்தான். பாஸ் வாங்கித் தரப் புரோக்கர்கள் முளைத்தார்கள், சிலர் கைதும் ஆனார்கள். ஆகஸ்ட் 17இலிருந்து ஆதாரோ ரேஷன் கார்டோ காட்டினாலே பாஸ் என்றாயிற்று. செப்டம்பர் 1 அன்று மாநிலத்துக்குள் பாஸ் முறையே போயிற்று. அதற்குள் எத்தனை வீடுகளில் இல்லாத பெரியப்பாக்கள் செத்துப்போனார்களோ.

பெருந்தொற்று ஆண்டுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வீட்டுக்குள் இருந்ததைப் பற்றி எழுதுகிறார்கள். எனக்கு அந்தக் காலம் முழுவதும் வாசல்தான் விஷயமாகத் தெரிகிறது. யார் எந்த வாசல்வரை வரலாம், எதைக் கையில் கொடுக்கலாம், எதைத் தரையில் வைத்துவிட்டு நகர வேண்டும் என்பதற்கான விதிகள் அப்போது வாரத்துக்கு ஒன்றாகப் பிறந்தன. அவற்றில் சில இன்னும் சாகவில்லை.

2020 ஜூன் 19 முதல் சென்னைக்கும் அதைச் சுற்றிய மாவட்டங்களுக்கும் இன்னும் இறுக்கமான ஊரடங்கு வந்தது. காய்கறி, மளிகை வாங்க வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள்தான் போகலாம், அதுவும் நடந்து. எங்கள் பகுதியை நடுவில் வைத்து அப்படியொரு வட்டம் போட்டுப் பாருங்கள். கிரீன்வேஸ் சாலையில் அமைச்சர்களின் பங்களாக்கள், அன்றைய முதல்வரின் இல்லமும் அங்கேதான். அடையாறு முகத்துவாரத்தில் செட்டிநாடு அரண்மனை. பூட்டிக் கிடந்த ஐயப்பன் கோயில். மந்தைவெளிக் கடைத்தெரு. கடற்கரைப் பக்கம் போனால் பட்டினப்பாக்கம் மீனவக் குப்பங்கள், சீனிவாசபுரத்தில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகள். விதி போட்டவரும், விதியை மீறினால் லத்தியடி வாங்கக்கூடியவரும் ஒரே வட்டத்துக்குள். நடுவில் எங்களைப் போன்ற அடுக்குமாடிக்காரர்கள்.

எங்கள் பகுதிக்குப் பெயர் கொடுத்த ராஜா சர் அண்ணாமலை செட்டியார் பர்மாவரை வங்கித்தொழில் நடத்திய நகரத்தார் மரபில் வந்தவர். கடல் தாண்டிப் பிழைப்பதையே தொழிலாக வைத்திருந்த சமூகம். கிளம்ப நாள் பார்ப்பது, கெடாத பலகாரத்தைத் தகர டின்களில் கட்டிக்கொள்வது, திரும்பி வந்தால் வாசலில் காலைக் கழுவிவிட்டு உள்ளே நுழைவது என்று பயணத்துக்கு வழக்கங்கள் உண்டு. நகரத்தார் என்றில்லை, தமிழ்நாட்டில் எந்த வீட்டிலும் ஏதோ ஒரு வடிவில் இவை உண்டு. துக்க வீட்டுக்குப் போய்வந்தால் குளிக்காமல் எதையும் தொடக் கூடாது. அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் வெளியாள் உள்ளே போகக் கூடாது.

2020 ஏப்ரலில் இதையெல்லாம் தொகுத்து, நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல என்ற முத்தாய்ப்போடு வாட்ஸ்ஆப்பில் ஓயாமல் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். முட்டாள்கள் அல்லதான். ஆனால் அதே முன்னோர்கள்தான் வேலைக்கு வருகிறவருக்குத் தனி டம்ளர் வைத்தார்கள், அதைப் பின்கட்டுச் சுவரில் கவிழ்த்து வைத்தார்கள். டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்தார்கள். அந்தச் செய்தி எந்தப் பகிர்விலும் வரவில்லை. கிருமிக்காக விலகி நிற்பதும் ஆளுக்காக விலகி நிற்பதும் நம் வீடுகளில் ஒரே கதவுக்குப் பின்னால்தான் குடியிருந்தன. தொற்று வந்தபோது எதை எழுப்புகிறோம் என்று பார்க்காமல் இரண்டையும் சேர்த்தே எழுப்பிவிட்டோம்.

எங்கள் கட்டடத்தில் அது நடந்த விதத்தைச் சொல்கிறேன். முதலில் வேலைக்கு வரும் பெண்கள் வர வேண்டாம் என்றானது. அரசே எல்லோரையும் வீட்டில் இருக்கச் சொன்ன நேரம், அதில் தப்பில்லை. சம்பளம் கொடுத்தவர்களும் உண்டு, கொடுக்காதவர்களும் உண்டு. பிறகு கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மர மேசை வந்தது. மேசைமேல் சானிடைசர், ஒரு நோட்டு, நூலில் கட்டிய பேனா. நாளாக ஆக, நெற்றிக்கு நேரே நீட்டுகிற வெப்பமானி. முதல் மாடிக்காரர் பால்கனியிலிருந்து நைலான் கயிற்றில் பிளாஸ்டிக் வாளியை இறக்கினார். காய்காரர் அதில் தக்காளியையும் முருங்கைக்காயையும் போட்டுவிட்டுத் தள்ளி நிற்பார். பணம் அதே வாளியில் இறங்கும். மிச்சச் சில்லறையை மட்டும் யாரும் மேலே ஏற்றிக்கொள்ளவில்லை, "வெச்சுக்கப்பா" என்று விட்டுவிட்டார்கள். தொற்றுக்காலத்தில் கூடிய ஒரே தாராள குணம் அதுதான். காயெல்லாம் மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீரில் ஊறும். ஆவின் பாக்கெட்டைச் சோப்பு போட்டுக் கழுவும்போது அது கையிலிருந்து வழுக்கிச் சிங்கில் விழுந்து ஓரம் பிய்ந்தால், அன்றைய காபி கறுப்பு.

வாளியில் காய் போட்டவர் அந்தக் காயை எங்கிருந்து கொண்டுவந்தார் என்று எங்களில் யாரும் முதலில் யோசிக்கவில்லை. கோயம்பேட்டில் தொற்று பரவி, மே 5ஆம் தேதி சந்தையை மூடினார்கள். மே 10 முதல் காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்குப் போயிற்று. பூ வியாபாரத்தை மாதவரத்துக்கு அனுப்பினார்கள். திருமழிசையில் தகரக் கொட்டகைகள், மண் தரை, மழை பெய்தால் சேறு. ராஜா அண்ணாமலைபுரத்தில் தள்ளுவண்டி வைத்திருப்பவருக்குக் கோயம்பேடே தூரம்தான். திருமழிசை நகரத்துக்கே வெளியே. நாலைந்து பேர் சேர்ந்து ஒரு குட்டியானை வண்டி பேசிக்கொண்டு நள்ளிரவில் போய், விடிவதற்குள் திரும்பினார்கள். "போலீஸ் ரெண்டு எடத்துல நிறுத்துவாங்கண்ணா, காய்னு சொன்னா உட்டுடுவாங்க. திரும்பி வர்றப்பவும் நிறுத்துவாங்க, அப்ப ரெண்டு கத்திரிக்கா எடுத்துப்பாங்க" என்று எங்கள் காய்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார். நாம் 2 கிலோமீட்டருக்குள் பத்திரமாக இருப்பதற்காக இன்னொருவர் மாவட்ட எல்லை தாண்டிப் போய்வந்துகொண்டிருந்தார். கோயம்பேடு காய்கறிச் சந்தை செப்டம்பர் கடைசியில்தான் திறந்தது.

இறந்தவருக்கும் வாசல் மறுக்கப்பட்டது. நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலஸ் 2020 ஏப்ரல் 19 அன்று தொற்றால் இறந்தார். அவர் உடலைக் கொண்டுபோன ஆம்புலன்சைக் கூட்டம் கல்லால் அடித்து விரட்டியது. சக மருத்துவர் ஒருவர் நள்ளிரவில் மண்வெட்டி பிடித்து அடக்கம் செய்ய வேண்டியிருந்தது. சாவுக்குப் போக பாஸ் கொடுத்த அதே மாநிலம். அடக்கத்தைத் தடுப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று ஒரு வாரத்தில் அவசரச் சட்டம் வந்தது. எதிரி வீட்டுச் சாவானாலும் வாசலில் போய் நிற்பவன் தமிழன் என்று மேடைகளில் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்த இரவு ஒரு பதில்.

இனி சரக்கு. குடியைப் பற்றிச் சொல்லாமல் தமிழ்நாட்டின் ஊரடங்கைச் சொல்ல முடியாது. அரசின் டாஸ்மாக் 1983இல் மொத்த மது விற்பனைக்காகத் தொடங்கப்பட்டது. 2003இலிருந்து சில்லறை விற்பனையும் அதன் கையில். மார்ச் 24 அன்று மூடிய கடைகளை மே 7 அன்று திறந்தார்கள், சென்னை நீங்கலாக. அன்று வகுத்த நேரப் பங்கீட்டை நான் என்றும் மறக்க மாட்டேன்: காலை 10 முதல் 1 மணிவரை 50 வயதுக்கு மேற்பட்டவர்கள், 1 முதல் 3 வரை நாற்பதுகளில் இருப்பவர்கள், 3 முதல் 5 வரை இளையவர்கள். பெரியவர்களுக்கு முதலில் பரிமாறுகிற பந்தி மரபை அரசு கடைசியாகக் கட்டிக் காத்த இடம் டாஸ்மாக் வாசல்தான். ஒரே நாளில் சுமார் 172 கோடி ரூபாய்க்கு விற்றது. மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் கடைகளை மூடச் சொன்னது. மே 15 அன்று உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை கொடுத்தது. மே 16 முதல் கிழமைக்கொரு நிறத்தில் டோக்கன். ஏழு நாளுக்கு ஏழு நிறம். அன்றைக்குத் தடுப்பூசி வந்திருந்தால்கூட இவ்வளவு நேர்த்தியாகத் திட்டமிட்டிருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

சென்னையில் கடை திறந்தது ஆகஸ்ட் 18 அன்று. இடைப்பட்ட மாதங்களில் நகரத்தின் உண்மையான பயண வரைபடம் பாட்டிலைச் சுற்றித்தான் இருந்தது. ஆந்திரத்தில் மே 4 அன்றே கடை திறந்ததும் எல்லையோரத் தமிழர்கள் அங்கே போய் வரிசையில் நின்றார்கள். சென்னைக்காரர்கள் செங்கல்பட்டுப் பக்கம் பைக்கில் போய்ச் சோதனைச் சாவடியில் மாட்டினார்கள். புதுச்சேரி மே 25 அன்று திறந்தபோது, தமிழ்நாட்டு விலைக்கு ஈடாகும்படி சிறப்பு வரி போட்டு, நம்மவர்கள் படையெடுக்காமல் பார்த்துக்கொண்டது. மதுவிலக்குக் காலத்துப் பெரியவர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருந்திருக்காது. அப்போதும் வசதியுள்ளவர் கையில் பர்மிட் இருந்தது, இல்லாதவருக்குக் கள்ளச்சாராயம் இருந்தது.

எங்கள் பகுதியில் வசதியுள்ளவர்கள் அலமாரியில் இருப்பு வைத்திருந்தார்கள். விமான நிலையத்துத் தீர்வையில்லாக் கடையில் வாங்கியவை, வெளிநாட்டுப் பிள்ளைகள் கொண்டுவந்தவை. இருப்பு தீர்ந்ததும் டிரைவரைக் கூப்பிட்டு, "எங்கயாவது கெடைக்குமாப்பா?" என்றார்கள். அந்த 'எங்கயாவது'க்குப் போய்வருகிற ஆபத்து யாருடையது என்பதும் பேசப்படவில்லை. இருப்பும் டிரைவரும் இல்லாதவர்கள் நடுங்கும் கையோடு கிடந்தார்கள். ஜூலை இறுதியில் ஆந்திரத்தின் குறிச்சேடு என்ற ஊரில் சானிடைசரைக் குடித்துப் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். நம் மேசைமேல் கைக்குத் தடவ வைத்திருந்த அதே பொருள்.

உண்மையான திராட்சை ஒயினைப் பற்றிக் கேட்டால், அது சாந்தோம் பக்கத்து வீடுகளில் இருந்தது, கிறிஸ்துமஸுக்காக. கறுப்புத் திராட்சையைக் கழுவித் துணியில் ஈரம் போகத் துடைத்து, பீங்கான் ஜாடியில் சர்க்கரையோடு அடுக்கடுக்காகப் போட்டு, கொஞ்சம் கோதுமை, கிராம்பு, பட்டை சேர்த்து, மூடியை வெள்ளைத் துணியால் கட்டிவிடுவார்கள். தினம் ஒரு முறை மரக்கரண்டியால் கிளற வேண்டும். கரண்டியில் துளி ஈரம் இருந்தால் ஜாடியே போச்சு. டிசம்பரில் வடிகட்டினால் இனிப்பும் காரமுமாக, தொண்டையில் லேசாகச் சுடும். எனக்குத் தெரிந்த ஒரு ஆன்ட்டி வருஷாவருஷம் கேக்கோடு சின்னக் கண்ணாடிக் கோப்பையில் ஒயினை ஊற்றித் தந்து, குடித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பார். 2020 கிறிஸ்துமஸுக்கு இருமல் மருந்து பாட்டிலைக் கழுவி அதில் ஊற்றி, கேக்கோடு பையில் போட்டு எங்கள் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போனார். போன் செய்து, "மாட்டிட்டேன், எடுத்துக்கோப்பா, எதிர்ல யாரும் இல்ல" என்றார்.

விருந்தும் இப்படித்தான் வாசலுக்கு வந்தது. கல்யாணத்துக்கு 50 பேர் என்று வரம்பு வைத்ததும், மற்றவர்களுக்கு முகூர்த்தத்தை நேரலையில் காட்டிவிட்டுச் சாப்பாட்டை வீட்டுக்கு அனுப்பினார்கள் சிலர். வாழையிலையும் சேர்த்து, எந்தப் பதார்த்தத்தை இலையில் எங்கே வைப்பது என்று படமும் போட்டு. மதுரையில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் மொய்க்கு கியூஆர் கோடே அச்சடித்துவிட்டார்கள். மார்கழியில் மியூசிக் அகாடமி கச்சேரிகளை இணையத்தில் நடத்தியது. பாட்டைப் பற்றி யாரும் பெரிதாகக் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. சபா கேன்டீன் இல்லாததைத்தான் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள்.

2020 மே 25 முதல் உள்நாட்டு விமானங்கள் பறக்கத் தொடங்கின. வந்திறங்கியவர்களின் கையில் தனிமைப்படுத்தல் முத்திரை, வீட்டுக் கதவில் ஸ்டிக்கர், சில வீடுகளில் கேட்டை மறைத்துத் தகரம். தகரம் அடித்ததற்கு எங்கள் பகுதியில் எழுந்த கோபம் பெரிது. நியாயமான கோபம்தான், மனிதரை வீட்டோடு பெட்டியில் அடைக்கிற ஏற்பாடு அது. ஆனால் தமிழர்களில் ஒரு பகுதிக்கு இது பழைய கதை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை மண்டபம் முகாமில் நாட்கணக்கில் நிறுத்தி, அம்மை குத்தி, சோதித்த பிறகுதான் கப்பலேற்றினார்கள். அந்த முகாம் பிற்பாடு இலங்கை அகதிகளுக்கான முகாமாயிற்று. மலேயாவுக்குப் போனவர்கள் பினாங்குக்கு அருகே ஜெரஜாக் தீவில் இறக்கப்பட்டார்கள். கப்பலின் மேல்தளத்தில் பாயும் தகரப்பெட்டியுமாகப் போனவர்களுக்கு முத்திரையும் வரிசையும் புதிதல்ல. விமானத்தில் போகிறவர் கைக்கு அந்த மை வந்தது 2020இல்தான்.

சிங்கப்பூரைப் பாருங்கள். 2020 ஏப்ரலில் அங்கே தொழிலாளர் விடுதிகளைத் தனியே பூட்டினார்கள். அவற்றில் இருந்தவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்கள் ஏராளம். ஆண்டு முடிவில், விடுதிவாசிகளில் 47 சதவீதம் பேருக்குத் தொற்று வந்து போயிருந்ததாக அந்நாட்டு அரசே சொன்னது. நகரத்து மக்கள் கடைக்கும் உணவகத்துக்கும் போகத் தொடங்கி வெகுகாலம் கழித்தும், 2022 ஜூன்வரை, விடுதிக்காரர்கள் வெளியே போகத் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. பயத்தில் போட்ட விதிகள் எல்லோருக்கும் ஒரே நாளில் விலகுவதில்லை.

எங்கள் கேட்டிலும் அதுதான் நடந்தது. வெப்பமானியின் பேட்டரி போயிற்று, யாரும் மாற்றவில்லை. சானிடைசர் பாட்டிலில் வாட்ச்மேன் செடிக்குத் தெளிக்கத் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறார். நைலான் கயிறு துணி காயப்போடப் போயிற்று. வேலைக்கு வரும் பெண்களுக்கு நோட்டில் கையெழுத்து மட்டும் நின்றபாடில்லை. லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் 2020இல் ஒட்டிய தாளை லேமினேட் செய்து மாட்டியிருக்கிறார்கள்: டெலிவரி ஆட்களும் வேலையாட்களும் படிக்கட்டைப் பயன்படுத்தவும். தண்ணீர் கேன் போடுகிறவர் 20 லிட்டரைத் தோளில் வைத்து நாலாவது மாடிக்கு ஏறுகிறார். போன மே மாதத்தில் ஒரு மத்தியானம், சாப்பாடு கொண்டுவந்த பையன் மூச்சு வாங்க என் வாசலில் நின்று, "வாசல்லயே வெச்சிடட்டுமா சார்?" என்றான். தண்ணி குடிக்கிறியாப்பா என்று கேட்டால் முதலில் என் முகத்தைத்தான் பார்த்தான். வெளியிலிருந்து வந்தவருக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுப்பது நம் வீடுகளில் பேச்சுக்கு முந்தைய மரியாதை. அதைக் கேட்டு ஒருவன் திகைக்கிறான்.

சங்கக் கூட்டத்தில் கேட்டபோது, "செக்யூரிட்டி ரீசன்" என்றார்கள். 2020இல் சொன்ன காரணம் தொற்று. காரணம் மாறிவிட்டது, தாள் மாறவில்லை. அரசு 2023இல் டெலிவரி போன்ற வேலைகளில் இருப்பவர்களுக்கு நலவாரியம் அமைத்தது. மாநகராட்சி 2025இல் அண்ணா நகரில் அவர்கள் உட்கார்ந்து இளைப்பாறக் குளிரூட்டிய அறை கட்டிக் கொடுத்தது. அரசாங்கமே இவ்வளவு தூரம் வந்துவிட்டது. நாம் லிஃப்ட்வரை வரலாம்.

உலக சுகாதார நிறுவனம் கோவிட் அவசரநிலை முடிந்ததாக 2023 மே 5 அன்று அறிவித்துவிட்டது. உங்கள் கட்டடத்திலும் அந்தத் தாள் இருந்தால், அடுத்த கூட்டத்தில் எழுந்து, அதை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.